கைக்கடிகாரக் கேஸின் விளிம்பு

கைக்கடிகாரத்தின் எஃகு கேஸில் விழுந்த கீறலை அழிப்பதாகச் சொல்வது பேச்சு வழக்கு. நடப்பது வேறு. கீறல் என்பது உலோகம் விலகிப்போன இடம். விலகியதை எந்த மெருகுச் சக்கரமும் திரும்பக் கொண்டுவராது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள முகம் முழுவதையும் தேய்த்து இறக்கினால்தான் அது கண்ணிலிருந்து மறையும். ஒரு முகத்தில் நூறு மெல்லிய கீறல்களும் ஒரே ஓர் ஆழமான கீறலும் இருந்தால், எவ்வளவு உலோகம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒன்றுதான். விலையுயர்ந்த கடிகாரத்தை ஆலையிலிருந்து வந்த நாளின் மெருகுக்குக் கொண்டுபோக விரும்புகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

தேய்ப்பதில் உலோகம் குறைவதே இல்லை என்று நம்பியவர்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஜார்ஜ் பெயில்பி, மெருகிடும்போது மேற்பரப்பு உலோகம் குழம்புபோல நகர்ந்து பள்ளங்களை மூடுகிறது என்று கருதினார். அந்தக் கருத்து பல ஆண்டுகள் நின்றது. பின்னர் உலோகவியலாளர் லியனார்ட் சாமுவேல்ஸ் மெருகிட்ட பரப்புகளின் குறுக்குவெட்டுகளை ஆராய்ந்து, மெருகிடுதலும் பெரும்பாலும் வெட்டுதல்தான், நுண்ணிய துகள்களால் நடக்கும் வெட்டுதல், என்று காட்டினார். மிக மென்மையான பாலிஷும் சீவல்தான் என்று இதற்குப் பொருள். சீவியது தூசியாகப் போய்விடுகிறது.

பளபளப்பு வரவழைப்பது எளிது. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு பஃபிங் போடும் பட்டறையில் சுழலும் பருத்திச் சக்கரமும், அதில் தடவும் பச்சைக் கட்டியும் கடிகாரப் பட்டறைகளிலும் இருக்கின்றன. பச்சை நிறம் குரோமியம் ஆக்சைடால் வருவது. பாத்திரத்துக்கு அந்தச் சக்கரம் மிகப் பொருத்தம், ஏனென்றால் பாத்திரம் உருண்டையானது. கடிகாரக் கேஸோ முகங்களால் ஆனது. தட்டையான முகம், அதை ஒட்டிய சரிந்த முகம், இரண்டும் சந்திக்கும் கூரான கோடு. துணிச் சக்கரம் மென்மையானது; முகத்தின் மேல் அழுத்தினால் விளிம்பைத் தாண்டி வளைந்து அந்தப் பக்கத்தையும் தொடும். தொட்ட இடமெல்லாம் சீவும். ஊசி செருகும் துளைகளின் வாயை இழுத்து அகலப்படுத்தும். பத்து நிமிட பஃபிங்கில் கேஸ் கண்ணாடிபோல மின்னும். கோடுகள் மழுங்கிப்போயிருக்கும். கடைக்காரரும் வாடிக்கையாளரும் மனம் நிறைந்து பிரிவார்கள். இழப்பு பல ஆண்டுகள் கழித்து, கடிகாரம் தெரிந்த ஒருவர் கையில் போகும்போதுதான் வெளிப்படும்.

ஆலை மெருகு என்பதன் உயிர் இந்தக் கோடுகளில் இருக்கிறது. இதைக் காட்ட ஓடுமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக்கைவிடப் பொருத்தமான கடிகாரம் இல்லை. ஜெரால்ட் ஜென்டா வரைந்த இந்தக் கடிகாரம் 1972இல் பாசல் கண்காட்சியில் அறிமுகமானது. 39 மி.மீ. அகலம், கண்ணாடியைச் சுற்றி பெசல் எனப்படும் எண்கோண வளையம், அதில் வெள்ளைத் தங்கத்தில் எட்டு அறுகோணத் திருகுகள். எஃகுக் கடிகாரத்துக்கு 3,000 சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விலை வைத்தது அன்று பலருக்கும் விளங்கவில்லை. அந்த விலை எஃகுக்கு அல்ல, எஃகின் மேல் செய்த வேலைக்கு. மாதிரிக் கடிகாரங்களை வெள்ளைத் தங்கத்தில்தான் செய்தார்கள். அந்த வடிவத்தை எஃகில் வெட்டுவது அவ்வளவு கடினமாக இருந்தது.

ராயல் ஓக்கின் பெசலில் மேல்முகம் சாட்டின், அதாவது ஒரே திசையில் ஓடும் நுண்ணிய வரிகள். அதைச் சுற்றியுள்ள சாய்முகம் கண்ணாடிப் பளபளப்பு. கேஸின் பக்கங்கள் மறுபடியும் சாட்டின். பக்கத்துக்கும் மேல்முகத்துக்கும் நடுவே ஒரு மினுக்கிய சாய்முகம், செயின் தொடங்கும் இடம்வரை ஓடுகிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இதே இலக்கணம்: சாட்டின், நடுவில் கூரான கோடு, அப்புறம் பளபளப்பு. கையை அசைக்கும்போது இந்தக் கடிகாரத்தில் ஒளி ஓடும் விதத்துக்குக் காரணம் இந்த மாற்று அடுக்குதான். மேல்முகம் மங்கியிருக்கும் கோணத்தில் சாய்முகம் பற்றி எரியும். கொஞ்சம் திருப்பினால் சாய்முகம் கறுத்து மேல்முகம் விழித்துக்கொள்ளும்.

இதன் பின்னாலுள்ள இயற்பியல் கடினமானதன்று. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு பரப்பின் மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். நாம் கண்ணாடியைப் பார்க்கிறோம். சாட்டின் பரப்பில் மேடுபள்ளங்கள் பெரியவை. ஆனால் தாறுமாறானவை அல்ல, எல்லாம் ஒரு திசையில் ஓடும் வாய்க்கால்கள். வாய்க்கால் ஓடும் திசைக்குக் குறுக்கே மட்டும் ஒளி விரிகிறது. வட்டமாகச் சுழன்ற வரிகளிலும், நடுவிலிருந்து கதிர்போலப் புறப்படும் வரிகளிலும் ஒளி வேறுவேறு உருவங்களில் நகர்வது இதனால்தான். வரியின் திசை சில பாகைகள் தவறினாலும் ஒளி விழும் இடம் மாறிவிடும். வரி சரியில்லை என்று சொல்லத் தெரியாதவருக்கும், இந்தக் கடிகாரத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடுவது இப்படித்தான்.

சாய்முகத்தின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஒரு கேஸின் மேல்முகமும் பக்கமுகமும் செங்குத்தாகச் சந்திக்கும் மூலையை 45 பாகையில் சீவி, இருபுறமும் அரை மி.மீ. எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாய்முகத்தின் அகலம் ஏறத்தாழ 0.71 மி.மீ. இப்போது கீறல்களுக்காக மேல்முகத்தில் 0.1 மி.மீ., பக்கத்தில் 0.1 மி.மீ. தேய்க்கிறோம். சாய்முகத்தை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் இருபுறமிருந்தும் அரிக்கப்பட்டு அதன் அகலம் 0.42 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. பத்தில் நான்கு பங்கு போயிற்று. பழைய அகலத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் சாய்முகத்தையும் அதே 45 பாகையில் உள்ளே இறக்க வேண்டும். அதுவும் உலோகம்தான். ஆக, கீறலுக்கு ஒரு முறை, இழந்த வடிவத்துக்கு இன்னொரு முறை என்று கேஸ் இரண்டு முறை விலை கொடுக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் கடிகாரம் மெலிந்த சாய்முகத்தோடு நிற்கும். செய்தால் செயினைப் பிடித்திருக்கும், லக் எனப்படும் கொம்புகள் மெலியும். ஒரு கேஸ் எத்தனை முறை இதைத் தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. ஒவ்வொரு சர்வீஸின்போதும் கேட்காமலே பாலிஷ் போட்டுக் கொடுக்கும் பழக்கம் பல பழைய கடிகாரங்களைக் கெடுத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் ஒரு கேஸ் தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதை எங்கிருந்து அறிவது? விளம்பரப் படங்கள் உதவாது. அவை ஒளியமைத்து, திருத்தி எடுத்தவை. சாட்சி கேஸிலேயே மறைந்திருக்கிறது. லக்குகளுக்கு நடுவே, செயினின் கடைசிக் கண்ணி மூடியிருக்கும் இடத்தில் கையோ துணியோ படுவதில்லை. பெசலைக் கழற்றினால் அதன் அடியில் ஒரு மெல்லிய ஓரம் பல நேரம் தீண்டப்படாமல் கிடக்கும். அங்கே உருப்பெருக்கியில் பார்த்தால் ஆலையின் வரி தெரியும்: எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஆழம், முனையில் நேராக நிற்கிறதா, வளைகிறதா என்பதெல்லாம். வளைந்திருந்தால் கேஸையோ வரி போடும் உப்புத்தாள் பட்டையையோ முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறார்கள். நேராக இருந்தால் ஒரே இழுப்பு.

தங்கக் கேஸ்களில் இன்னொரு சாட்சி, தரமுத்திரை. சுவிட்சர்லாந்தில் 18 காரட் தங்கத்துக்கு அந்நாட்டின் உருவகமான ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை நீண்டகாலம் முத்திரையாக இருந்தது; 1995 ஆகஸ்டிலிருந்து செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. மிகச் சிறிய இந்த முத்திரைகளை லக்கின் பக்கவாட்டிலோ அடியிலோ குத்தியிருப்பார்கள். முகத்தின் கண்ணும் கூந்தலும் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் அதிகம் தேயவில்லை. நிழல்போல ஓர் உருவம் மட்டும் மிஞ்சியிருந்தால் எத்தனை பாலிஷ்கள் கடந்துபோயின என்று ஊகிக்கலாம். செயின் ஊசிக்காக லக்கில் இட்ட துளையும் பேசும்: துளை விளிம்பை நெருங்கி வந்திருக்கிறது என்றால் நகர்ந்தது துளையன்று, விளிம்புதான்.

இந்த ஆய்வை முடிக்காமல் சக்கரத்தைச் சுழலவிடுகிற பட்டறையில் நல்ல கடிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. கேஸைத் தொடுமுன் உள்ளிருக்கும் இயந்திரம், கண்ணாடி, சாவித் திருகு, ரப்பர் வளையங்கள் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியில் அழுக்கு போன பிறகுதான் கீறல் எது, படிந்த அழுக்கு எது என்றே தெரியும். ராயல் ஓக்கில் இது கூடுதல் வேலை. பெசலில் நாம் பார்க்கும் எட்டுத் திருகுகள் திருகப்படுவதே இல்லை. அவற்றின் அறுகோணத் தலைகள் பெசலின் குழிகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இறுக்குவதெல்லாம் கேஸின் பின்புறத்திலிருந்து. எட்டு வெட்டுக்கோடுகளும் எப்போதும் வட்டத்தோடு இசைந்து நிற்பதன் ரகசியம் அதுதான். பெசல் முகத்தைத் தேய்த்தால் குழியின் ஆழம் குறையும், திருகுத் தலை மேலே எழும்பும். ஆகவே பெசலில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கீறல் முடிவுசெய்ய முடியாது.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்தத் தொழிலை மாற்றிய கருவி லேசர் பற்றவைப்பு. உலோகத்தை எடுத்துக்கொண்டே இருந்த தொழிலுக்கு, உலோகத்தைச் சேர்க்கும் வழியை அது கொடுத்தது. நுண்ணோக்கியின் கீழ், ஆர்கான் வாயு சூழ, மில்லி நொடிகளில் முடியும் ஒளித்துடிப்பால் முடிபோன்ற கம்பியின் நுனியை உருக்கிப் பள்ளத்தில் இடுகிறார்கள். வெப்பம் அந்தப் புள்ளியிலேயே நின்றுவிடுவதால் கேஸைக் கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்ய முடிகிறது. சொட்டுச் சொட்டாக அடுக்கி, பள்ளத்தைச் சற்று மேடாகவே நிரப்பி, பிறகு மட்டம் பார்த்துத் தேய்க்கிறார்கள். கதவு நிலையில் மோதி நசுங்கிய லக்கின் முனையை, மீதி மூன்று முனைகளையும் நசுங்கிய மட்டத்துக்கு இறக்காமல் மீட்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் கம்பி தவறினால் எல்லாம் தவறும். கடிகார உலகில் பெரும்பாலும் புழங்குவது 316எல் எஃகு. ரோலக்ஸ் 1980களில் 904எல் எஃகைப் பயன்படுத்தத் தொடங்கி, படிப்படியாக எல்லா எஃகுக் கேஸ்களுக்கும் அதைக் கொண்டுவந்தது. 904எல்லில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் கூடுதல், செம்பும் உண்டு. ஒன்றின் மேல் மற்றொன்றை இட்டால் மெருகிட்டபின் ஒட்டுப்போட்ட இடம் ஒரு சாயலாகத் தெரியும். தங்கத்தில் இது இன்னும் கண்டிப்பு. 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்; மீதி 250இல் வெள்ளியும் செம்பும் எந்த விகிதத்தில் என்பதுதான் நிறத்தை முடிவுசெய்கிறது. அந்த விகிதம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. இன்னொரு தொல்லை, உருகிய உலோகத்தில் சிக்கிக்கொள்ளும் நுண்குமிழ்கள். தேய்த்து மட்டமாக்கும்போது அவை ஊசிக்குத்துகளாக வெளிவரும். மறுபடி நிரப்பி, மறுபடி தேய்க்க வேண்டும். பொறுமையில்லாதவர் இங்கேதான் துணிச் சக்கரத்தை எடுத்து அவற்றை மழுப்பிவிடுவார்.

நிரப்பிய முகத்தை மட்டமாக்குவது லேப்பிங். இதில் உலோகத்தைத் தொடுவது சக்கரத்தின் சுற்றோரம் அன்று, சுழலும் வட்டத்தட்டின் தட்டையான முகம். தட்டு வளையாது, எனவே அது தொடும் முகமும் வளையாது, ஓரம் கூராகவே நிற்கும். கேஸைக் கோணம் அமைத்த பிடிப்பானில் பூட்டி, எந்த முகம் வேண்டுமோ அந்த முகத்தை மட்டும் தட்டின்மேல் படவைக்கிறார்கள். ஜப்பானில் கிராண்ட் சீகோ கேஸ்களுக்குச் செய்யும் சரத்சு மெருகும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1967இல் வந்த 44ஜிஎஸ் என்ற மாதிரியின் அகன்ற தட்டை முகங்களில் பிம்பம் நெளியாமல் தெரிவதற்கு, தாரோ தானகா வகுத்த வடிவ விதிகள் ஒரு காரணம். தட்டில் கையழுத்தத்தைக் காதாலும் விரலாலும் அளந்த தொழிலாளிகள் மற்றொரு காரணம். ஆலையில் அவர்கள் பெற்ற பயிற்சி, பழுதுபார்க்கும் மேசையில் அமர்ந்தவருக்கும் வேண்டும். இயந்திரம் வாங்கிவிட்டால் போதாது.

எல்லாக் கேஸ்களும் தட்டைகளால் ஆனவையும் அல்ல. 1960களின் நடுவிலிருந்து வரும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் லக்குகள் முறுக்கிய வடிவம் கொண்டவை. மினுக்கிய முகமும் சாட்டின் பக்கமும் சந்திக்கும் கோடு லக்கின் நீளத்துக்கு வளைந்துகொண்டே போகிறது. அந்த வளைவைத் தட்டையான தட்டில் ஒரே வீச்சில் பிடிக்க முடியாது. சிறிது சிறிதாகக் கேஸை உருட்டிக்கொண்டே போக வேண்டும். பழைய ஸ்பீட்மாஸ்டர்களில் நான்கு லக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு வளைவும் ஒன்றுபோல இருந்தால் கை படாதது, அல்லது மிகத் தேர்ந்த கை பட்டது.

நான் பார்த்தவரை, மெருகிடுபவரின் தரத்தைப் பளபளப்பைவிடச் சாட்டின்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. பளபளப்புக்கு ஒரு முடிவுநிலை உண்டு. எல்லா வரியும் மறைந்தால் வேலை முடிந்தது. சாட்டினுக்கு அப்படி எதுவும் இல்லை. எந்த எண் உப்புத்தாள், எவ்வளவு அழுத்தம், பட்டை எவ்வளவு வேகம், பட்டை புதிதா பழகியதா என்று எல்லாம் சேர்ந்துதான் வரியின் முகத்தை உருவாக்குகின்றன. புதுப் பட்டை ஆழமான, முரட்டு வரிகளை இழுக்கும். அதையே கொஞ்சநேரம் வேறு எஃகில் ஓட்டிப் பழக்கிய பிறகு வரி மெல்லியதாகும். நார்ச்சக்கரத்தால் போட்ட வரி குட்டையாகவும் மென்மையாகவும் இருக்கும், பட்டையால் போட்டது நீளமாக ஓடும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் கடிகாரம் அழகாகவே இருக்கலாம், ஆனால் அந்த மாதிரியாக இருக்காது. அதனால்தான் நல்ல பட்டறைகளில் அதே எஃகின் துண்டு ஒன்றில் வரி போட்டுப் பார்த்து, லக்குகளுக்கு நடுவே எஞ்சிய ஆலை வரியோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டபின்தான் கேஸைத் தொடுகிறார்கள்.

வேலையின் வரிசையும் வடிவத்தைக் கேட்டே அமையும். மினுக்கிய முகத்தை முதலில் முடித்து, அதை டேப்பால் மூடிக்கொண்டு பக்கத்துச் சாட்டினைப் போடுவது ஒரு வழி. டேப்பின் விளிம்பு ஒரு நூல் விலகினாலும் வரி பளபளப்புக்குள் நுழையும். சாட்டினை எல்லையைத் தாண்டிப் போட்டுவிட்டு, கடைசியில் சாய்முகத்தை வெட்டுவது இன்னொரு வழி. சாய்முகம் தன் வழியில் வரும் வரிகளை அறுத்துக்கொண்டு பிறப்பதால் எல்லைக்கோடு கத்தி வைத்ததுபோல நிற்கும். ராயல் ஓக் வகைக் கேஸ்களுக்கு இரண்டாவது வழியே கூர்மையைத் தருகிறது என்பது என் கணிப்பு. ஆனால் அதற்குச் சாய்முகத்தில் எடுக்க உலோகம் மிச்சமிருக்க வேண்டும்.

சில கேஸ்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முலாம் பூசிய கேஸில் தங்கம் சில மைக்ரான் தடிமனே. சக்கரம் பட்டால் பித்தளை எட்டிப்பார்க்கும். கறுப்புப் பூச்சு கொண்டவை, மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட டைட்டானியம் ஆகியவற்றில் தேய்த்தால் அந்த அடுக்கே போய்விடும். வெள்ளைத் தங்கத்தின் மேல் பல நேரம் ரோடியம் முலாம் இருக்கும். மெருகிட்டபின் அதை மறுபடி பூசாவிட்டால் நிறம் மஞ்சள் சாயும்.

இனி, செய்யலாமா என்ற கேள்வி. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் டேடோனாவை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதன் பின்மூடியில், கவனமாக வண்டி ஓட்டும்படி மனைவி ஜோவன் உட்வர்டு பொறிக்கச் செய்த வாசகம் இருக்கிறது. பின்மூடியில் விழுந்த கீறலும் அந்த எழுத்தும் ஒரே உலோகத்தில், ஒரே வகையான பள்ளங்கள். சக்கரத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பழைய கடிகாரச் சந்தையில் பாலிஷ் படாத கேஸுக்குக் கூடுதல் விலை கிடைப்பதை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. படாத கேஸ் ஒன்றுதான் அந்த மாதிரியின் அளவுக்கும் வரிக்கும் ஆதாரம். நாளை வேறொரு கேஸை மீட்க அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பழங்கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. கடிகாரக் கேஸுக்கும் அந்த வரையறையை நான் ஏற்கிறேன். ஆலை வரி எங்காவது எஞ்சியிருந்து அதைப் பார்த்துச் செய்தால் மீட்பு. எதுவும் எஞ்சாத இடத்தில் செய்வது புதுவேலை. அழகாக இருந்தாலும் அதைப் புதுவேலை என்றே சொல்லி விற்க வேண்டும்.

எனினும் தினம் அணியும், சென்ற பத்தாண்டில் வாங்கிய கடிகாரத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. அந்த மாதிரியில் ஆயிரக்கணக்கானவை இருக்கின்றன, அளவுகள் தெரிந்தவை, உலோகமும் நிறைய மிச்சம். அங்கேயும் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: மெல்லிய கீறல்களுக்காக முழு மெருகு கேட்காதீர்கள், சாட்டினை மட்டும் புதுப்பித்தால் பெரும்பாலான கீறல்கள் வரிகளுக்குள் கரைந்துவிடும், சாய்முகத்தைத் தொடவே வேண்டாம். முழு மெருகை ஆழமான நசுங்கல் வரும் நாளுக்கு விட்டுவைக்கலாம்.

வேலை முடிந்ததும் புது ரப்பர் வளையங்களோடு கேஸைப் பூட்டி, காற்றழுத்தத்தில் கசிவு பார்ப்பது நல்ல பட்டறைகளில் உள்ள வழக்கம். அதோடு ஒரு தாளும் கைக்கு வர வேண்டும் என்று கேளுங்கள்: எந்த முகங்களைத் தொட்டார்கள், லக்கின் தடிமனும் பெசலின் உயரமும் மைக்ரோமீட்டரில் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எங்கே பற்றவைத்தார்கள், என்ன உலோகக் கம்பி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த நெருக்கமான படங்கள். அடுத்த சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது கடிகாரத்தோடு அந்தத் தாளையும் கொடுங்கள். விற்றால் வாங்குபவரிடம் அதைச் சேர்த்தே கொடுங்கள்.